வெல்டு எந்தப் பக்கம் இழுக்கும் என்று கம்ப்யூட்டர் எப்படிச் சொல்கிறது?

பாலக்காடு மாவட்டத்தில் வாளையாரிலிருந்து கஞ்சிக்கோடு வரை, அப்புறம் உள்ளே திரும்பி வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறைப் பக்கமும் சாலையோர வெல்டிங் பட்டறைகளுக்குக் குறைவில்லை. டிராக்டர் டிரெய்லர், லாரி பாடி, தண்ணீர் டேங்க் ஸ்டாண்ட், மாட்டுக் கொட்டகைக்குக் கூரை என்று ஏதாவது ஒரு வேலை ஓடிக்கொண்டே இருக்கும். போர்டு மலையாளத்தில் தொங்கும், உள்ளே பேச்சு தமிழில் நடக்கும். அங்கே சேரும் பையனுக்கு ராடு பிடிக்கக் கை பழகுவதற்கு முன்பே ஒரு விஷயம் காதில் விழுந்துவிடும்: வெல்டு இழுக்கும். நேராக வைத்து ஒட்டிய இரண்டு தகடுகள் ஆறியதும் நேராக இருக்காது. "எந்தப் பக்கம் முதல்ல அடிச்சா இழுக்காதுங்கண்ணா?" என்று அவன் கேட்பான். மேஸ்திரி ஒரு வரிசை சொல்வார், பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும்.

அந்தக் கேள்விக்கு எண்களால் பதில் தேடுவதுதான் வெல்டிங் சிமுலேஷன். கப்பல், பாய்லர், ரயில் பெட்டி, அணு உலைக் குழாய் போன்றவற்றைச் செய்கிற இடங்களில் "ஒரு தடவை அடித்துப் பார்ப்போம்" என்று சொல்ல முடியாது. ஒரு துண்டு வீணானாலே லட்சக்கணக்கில் போய்விடும். அதனால் முதலில் கணினியில் அடித்துப் பார்க்கிறார்கள்.

தகடு ஏன் இழுக்கிறது என்பது புரிந்துவிட்டால் மீதி எல்லாம் கணக்குதான். சாதாரண இரும்பு ஒரு டிகிரி சூடேறினால் ஒரு மீட்டருக்கு 0.012 மி.மீ. நீளும். இப்போது ஒரு கம்பியை இரண்டு அசையாத சுவர்களுக்கு நடுவில் இறுக்கிப் பொருத்திச் சூடாக்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். நீள அதற்கு இடமில்லை, அதனால் உள்ளுக்குள் அழுத்தம் ஏறும். அழுத்தம் ஓர் எல்லையைத் தாண்டினால் இரும்பு பழைய வடிவத்துக்குத் திரும்பாது, அந்த எல்லைக்கு ஈல்டு என்று பெயர். 250 மெகாபாஸ்கல் ஈல்டு உள்ள மைல்டு ஸ்டீலுக்கு எவ்வளவு சூடேறினால் அந்த எல்லை வரும்? 250-ஐ மீள்குணகம் (இரும்பின் விறைப்பைச் சொல்லும் எண்) 2,00,000-ஆல் வகுத்து, அதை விரிவுக் குணகம் 0.000012-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 104 டிகிரி. வெறும் நூறு டிகிரி! அதற்கு மேல் சூடேறினால் கம்பி நிரந்தரமாக நசுங்கிக் குட்டையாகிறது. திரும்ப ஆறும்போது பழைய நீளத்துக்கு வர முடியாமல் சுவர்களை உள்ளே இழுக்கிறது.

வெல்டு நடக்கும் இடம் 1,500 டிகிரியைத் தாண்டி உருகுகிறது. அதை ஒட்டிய பட்டை சில நூறு டிகிரி ஏறுகிறது. சுற்றியுள்ள குளிர்ந்த தகடுதான் இங்கே அந்தச் சுவர். எனவே வெல்டும் அதன் ஓரமும் ஆறி முடிந்த பிறகு, ஏறத்தாழ ஈல்டு அளவுக்கே இழுவிசையை உள்ளே வைத்துக்கொண்டு கிடக்கின்றன. இதற்கு எஞ்சிய தகைவு என்று பெயர். தகடு தடிமனாகவோ ஜிக்கில் இறுக்கிப் பிடித்தோ இருந்தால் தகைவு உள்ளேயே நிற்கும். மெலிதாக, பிடிப்பில்லாமல் இருந்தால் தகடு வளைந்து கொடுக்கும். இரண்டில் ஏதோ ஒன்று நடந்தே தீரும். கிளாம்ப் போட்டு வளைவை அடக்கிவிட்டதாக நினைப்பவர்கள் பல நேரம் அதைத் தகைவாக மாற்றி உள்ளே பூட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். வி வடிவத்தில் சாணை பிடித்து அடிக்கும்போது தகட்டின் இரு ஓரமும் மேலே தூக்குவதும் இதே கதைதான். மேலே அகலமாக உருகியது, கீழே குறுகலாக உருகியது, ஆகவே மேல்பக்கம் அதிகமாகச் சுருங்குகிறது.

ஆக, கணினிக்கு இரண்டு கேள்விகள். ஒவ்வொரு நொடியிலும் ஒவ்வொரு இடமும் எவ்வளவு சூடு? அந்தச் சூட்டுக்கு அந்த இடம் எவ்வளவு விரிந்து, எவ்வளவு நசுங்கி, எவ்வளவு சுருங்குகிறது? முதல் கேள்விக்கு விடை கண்டு, அதை அப்படியே இரண்டாவதற்குள் செலுத்துவதுதான் வழக்கம். தகடு வளைவதால் சூடு பரவும் விதம் அதிகம் மாறிவிடாது என்பதால் இந்த ஒருவழிப் பாதை போதும்.

முதல் கேள்விக்கு வருவோம். உள்ளே போகும் வெப்பம் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள மெஷினின் மீட்டரே போதும். 3.15 மி.மீ. ராடில் 120 ஆம்பியர், 25 வோல்ட் என்றால் 3,000 வாட். அது முழுவதும் தகட்டுக்குள் போகாது. வெளிச்சமாகவும் காற்றுக்கும் கொஞ்சம் போய்விடும். ராடு வெல்டிங்கிலும், வாயுக் கவசத்துக்குள் கம்பி உருகி இறங்கும் மிக் வெல்டிங்கிலும் ஏறத்தாழ 80 சதவீதம் உள்ளே போகும் என்று வைத்துக்கொள்வார்கள். உருகாத டங்ஸ்டன் முனையால் அடிக்கும் டிக் வெல்டிங்கில் இது குறைவு, பவுடருக்கு அடியில் ஆர்க் (உலோகத்தை உருக்கும் மின்சுடர்) எரியும் சப்மெர்ஜ்டு ஆர்க்கில் 90-க்கும் மேல். நம் கணக்கில் 2,400 வாட். கை நொடிக்கு 3 மி.மீ. நகர்ந்தால் ஒரு மி.மீ. வெல்டுக்கு 800 ஜூல்.

இந்த வெப்பம் எப்படிப் பரவுகிறது என்பதற்குக் கணினி வருவதற்கு முன்பே ஒரு சூத்திரம் வந்துவிட்டது. டேனியல் ரோசென்தால் 1941-இல் வெளியிட்டது. ஆர்க்கை ஒரு புள்ளியாகவும், தகட்டை எல்லையில்லாத இரும்பாகவும் வைத்துக்கொண்டு, அந்தப் புள்ளி சீரான வேகத்தில் நகர்ந்தால் சுற்றிலும் எவ்வளவு சூடு என்று அது சொல்கிறது. ஆர்க்குக்கு நேர் பின்னால், வெல்டு கோட்டின் மேலேயே பார்த்தால் சூத்திரம் மிகவும் சுருங்கிவிடும்: வாட்டை, 2 பை பெருக்கல் வெப்பக் கடத்துதிறன் பெருக்கல் தூரத்தால் வகுக்க வேண்டும். அவ்வளவுதான், வேகம்கூட அதில் வராது. கடத்துதிறன் 40 என்று எடுத்துக்கொண்டால், 10 மி.மீ. பின்னால் அறை வெப்பத்தைவிடச் சுமார் 950 டிகிரி அதிகம். உருகும் குளம் எவ்வளவு தூரம் வால் நீட்டுகிறது என்று கேட்டால் ஏறக்குறைய 6.5 மி.மீ. என்று வரும். கறுப்புக் கண்ணாடிக்குள் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த எண் அன்னியமாகத் தெரியாது. ஒரு வரிச் சூத்திரத்துக்கு இது பெரிய விஷயம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் அதே சூத்திரத்தில் 1 மி.மீ. தூரத்துக்குக் கேட்டுப் பாருங்கள்: 9,500 டிகிரி என்று சொல்லும். இன்னும் நெருங்கினால் முடிவிலிக்கு ஓடும். இரும்பு அதற்கு வெகு முன்பே ஆவியாகிவிடும். நிஜ ஆர்க் புள்ளி இல்லை, அதற்கு ஒரு பரப்பு உண்டு, ஆழம் உண்டு. அதோடு சூத்திரத்தில் கடத்துதிறன் எல்லாச் சூட்டிலும் ஒன்றே. நிஜத்தில் அறை வெப்பத்தில் 50 பக்கம் இருப்பது 800 டிகிரியில் 30-க்கும் கீழே இறங்கிவிடும். உருகும்போது விழுங்கப்படும் உள்ளுறை வெப்பமும் கணக்கில் இல்லை. தூரத்துக்கு நல்ல சூத்திரம், கிட்டத்துக்கு ஆகாது.

கிட்டத்துக்கு ஒரு வழி கண்டவர் கனடாவின் ஜான் கோல்டாக். அவரும் உடன் வேலை செய்தவர்களும் 1984-இல் வெளியிட்ட வெப்ப வடிவம்தான் இன்றைக்கும் பெரும்பாலான வெல்டிங் மென்பொருளில் இருக்கிறது. வெப்பத்தைப் புள்ளியில் கொட்டாமல், நீளவாக்கில் பாதியாக அறுத்த கோழி முட்டையைப் போன்ற ஒரு கன அளவுக்குள் பரப்புகிறார்கள். நடுவில் அடர்த்தி அதிகம், ஓரம் போகப்போகக் குறையும். முன்பகுதி மொண்ணையாகவும் பின்பகுதி நீண்டும் இருக்கும், ஏனென்றால் உருகிய குளம் ஆர்க்குக்குப் பின்னால்தான் இழுபடுகிறது. அகலம், ஆழம், முன்நீளம், பின்நீளம் என நான்கு அளவுகள். இந்த நான்கையும் யார் தருவது? இங்கேதான் வெளியில் அதிகம் பேசப்படாத விஷயம் இருக்கிறது. நீங்கள்தான் தர வேண்டும். அதே ஆம்பியரில் ஒரு நிஜ வெல்டு அடித்து, குறுக்கே வெட்டி, எமரியில் தேய்த்து, ஆல்கஹாலில் கொஞ்சம் நைட்ரிக் அமிலம் கலந்த கரைசல் தடவினால், உருகிய பகுதியின் எல்லை கண்ணுக்குத் தெரியும். அந்த எல்லையும் கணினி காட்டும் எல்லையும் பொருந்தும் வரை நான்கு அளவுகளையும் மாற்றிக்கொண்டே போவார்கள். சிமுலேஷன் என்றால் பட்டறைக்கே போக வேண்டியதில்லை என்று நினைப்பவர்களுக்கு இந்த இடத்தில் ஏமாற்றம்தான்.

வெப்பம் தயாரானதும் தகட்டைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். ஃபைனைட் எலிமென்ட் முறை என்பது இதுதான்: பெரிய உருவத்துக்கு நேரடி விடை கிடைக்காது, ஆகவே பல்லாயிரம் சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொன்றும் அண்டைத் துண்டுக்கு எவ்வளவு வெப்பமும் விசையும் தருகிறது என்று சமன்பாடு எழுதி, எல்லாவற்றையும் சேர்த்துத் தீர்ப்பது. வெல்டு ஓரத்தில் கட்டம் 1 மி.மீ. அளவு சின்னதாக வேண்டும், தூரத்தில் பெரிதாக இருந்தால் போதும். 300 மி.மீ. நீளம், 6 மி.மீ. தடிமன், வெல்டைச் சுற்றி 20 மி.மீ. அகலம் என்று வைத்தால் அந்தப் பட்டைக்கு மட்டும் 36,000 கட்டங்கள். அந்த வெல்டை அடிக்க 100 நொடி ஆகும். ஒவ்வொரு தாவலிலும் ஆர்க் முழுக் கட்டத்தைத் தாண்டிக் குதித்துவிடக் கூடாது என்பதால் கால் நொடிக்கு ஒரு தடவை கணக்குப் போட வேண்டும், அதாவது 400 தடவை. அதற்குப் பிறகு ஆறும் நேரம் தனி. வளைவுக் கணக்கில் ஒவ்வொரு தடவையும் விடை நிலைக்கு வரும் வரை பல சுற்று ஓட வேண்டும், ஏனென்றால் இரும்பு ஈல்டைத் தாண்டிவிட்டால் தகைவும் திரிபும் (எவ்வளவு நீண்டது, சுருங்கியது என்ற அளவு) நேர்விகிதத்தில் போகாது.

ராடு உருகி வந்து சேரும் உலோகம் தொடக்கத்தில் அங்கே இல்லை. அதற்கு ஒரு தந்திரம் உண்டு. அந்த இடத்துக் கட்டங்களை முதலிலேயே வரைந்து, "இல்லாதது போல" அணைத்து வைத்துவிடுவார்கள். ஆர்க் அந்த இடத்துக்கு வந்ததும் ஒவ்வொன்றாக உயிர்ப்பிப்பார்கள். உயிர் வரும் நேரத்தில் அது உருகிய நிலையில் இருப்பதால் பழைய தகைவு எதுவும் அதன் மேல் இருக்கக் கூடாது. இதை மறந்துவிட்டால் விடை பார்வைக்கு அழகாக வரும், முழுக்கத் தப்பாகவும் இருக்கும்.

இந்த வேலையை முதலில் கணினியில் செய்தவர்களில் ஜப்பானின் ஒசாகாவில் யுகியோ உவேடாவும் அவருடன் யமகாவாவும் உண்டு, 1971-இல். அமெரிக்காவில் டேவிட் ஹிபிட், பெட்ரோ மார்சல் இருவரும் 1973-இல் இதேபோன்ற ஒரு வெல்டிங் கணக்கை வெளியிட்டார்கள். ஹிபிட் 1978-இல் கூட்டாளிகளோடு ஒரு நிறுவனம் தொடங்கினார், அதிலிருந்து வந்ததுதான் அபாகஸ் மென்பொருள். இன்றைக்கு டயர் முதல் கட்டடம் வரை எல்லாவற்றுக்கும் பயன்படும் ஒரு மென்பொருளின் ஆரம்பத்தில் வெல்டிங் கணக்குப் போட்ட ஒருவர் இருக்கிறார் என்பது பட்டறைக்காரர்கள் பெருமைப்பட்டுக்கொள்ளக்கூடிய விஷயம்.

ஒரு முழு டிரெய்லர் சேசிஸை இப்படிக் கணக்கிட முடியுமா? பத்துப் பதினைந்து மீட்டர் வெல்டு, ஒவ்வொரு மி.மீ.க்கும் கட்டம் என்று போனால் பெரிய கணினியும் திணறும். அதற்கு உவேடா வழியில் வந்த ஒரு குறுக்கு வழி இருக்கிறது. ஒரு சின்னத் துண்டில் மட்டும் முழுக் கணக்கும் போட்டு, ஆறிய பிறகு அந்த வெல்டு ஓரம் நிரந்தரமாக எவ்வளவு சுருங்கியது என்று எடுத்துக்கொள்வது. அப்புறம் முழுச் சட்டத்திலும் வெல்டு வரும் இடமெல்லாம் அந்தச் சுருக்கத்தை மட்டும் திணித்து, சட்டம் எப்படி வளைகிறது என்று பார்ப்பது. ஆர்க் நகர வேண்டாம், வெப்பக் கணக்கே வேண்டாம். மணிக்கணக்கில் ஓட வேண்டியது நிமிடங்களில் முடியும். கப்பல் கட்டுபவர்களுக்கு இது பெரிய உதவி.

சரி, பையனின் கேள்விக்கு வருவோம். எந்த வரிசை? சிமுலேஷன் உண்மையாகவே பலன் தரும் இடம் இதுதான் என்பது என் கருத்து. நான்கு மூலையிலும் வெல்டு வரும் ஒரு பெட்டிச் சட்டத்தை எடுங்கள். நான்கையும் ஒரே திசையில் சுற்றி அடிப்பது, எதிரெதிர் மூலையாக அடிப்பது, ஒவ்வொரு வெல்டையும் சிறு துண்டுகளாக்கிப் பின்னோக்கி அடிப்பது: மூன்றிலும் உள்ளே போகும் வெப்பம் ஒன்றே. ஆனால் முதலில் அடித்த வெல்டு ஆறி விறைத்துவிட்டால், அடுத்தது இழுக்கும்போது அதுவும் சேர்ந்து எதிர்த்து நிற்கிறது. அதனால் இறுதி வளைவு மாறுகிறது. மூன்று வரிசையையும் கணினியில் ஓட்டி ஒப்பிடலாம். "3.2 மி.மீ. வளையும்" என்று அது சொன்னால் அந்தத் தசமத்தை நான் நம்ப மாட்டேன். "இரண்டாவது வரிசையில் முதலாவதைவிடக் குறைவாக வளையும்" என்று சொன்னால் கவனிப்பேன். தரவில் உள்ள தப்பு மூன்று ஓட்டத்திலும் ஒரே மாதிரி இருப்பதால் ஒப்பீட்டில் அதன் தாக்கம் பெருமளவு குறைந்துவிடுகிறது.

தரவில் தப்பு என்றேனே, அது எங்கிருந்து வருகிறது? ஸ்டீலுக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 2062-இல் ஈ250 என்றால் ஈல்டு குறைந்தபட்சம் 250 என்று பொருள். கடையில் வாங்கும் ஆங்கிளிலும் சேனலிலும் அது 300-ஐத் தாண்டியும் இருக்கலாம். அதுவும் அறை வெப்பத்துக்கான எண். நமக்கு 200, 400, 800 டிகிரியிலும் வேண்டும். 800 டிகிரியில் இரும்பு ஏறக்குறைய முழுவதும் இளகிவிடுகிறது, அந்த நிலையில் அளந்து தரும் வசதி எல்லா இடத்திலும் கிடையாது. கையேட்டு எண்களைப் போட்டுச் சமாளிக்கிறார்கள். மைல்டு ஸ்டீலுக்குப் பரவாயில்லை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு வேறு எண்கள்: கடத்துதிறன் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழ், விரிவோ ஒன்றரை மடங்கு. சூடு ஓரிடத்திலேயே தேங்கி நிற்கும், விரிவும் அதிகம். சமையல்கூட மேசை செய்பவர்கள் அது ஏன் அவ்வளவு மோசமாக இழுக்கிறது என்று புலம்புவதற்குக் காரணம் இந்த இரண்டு எண்கள்தான். வலிமை அதிகமான ஸ்டீல் என்றால் இன்னொரு சிக்கல்: வேகமாக ஆறும்போது உள்ளமைப்பு மார்ட்டன்சைட் என்ற கடினமான வகையாக மாறி, சுருங்க வேண்டிய நேரத்தில் கொஞ்சம் விரிந்துவிடும். அதைச் சேர்க்காமல் போட்ட தகைவுக் கணக்கு சில இடங்களில் இழுவிசையை அழுத்தமாகவும் அழுத்தத்தை இழுவிசையாகவும் மாற்றிக் காட்டும்.

நம் ஊருக்கே உரிய ஒரு கேள்வியும் உண்டு. பாலக்காட்டுக் கணவாயில் ஜூன் முதல் அடிக்கிற காற்று தெரியும்தானே? அந்தக் காற்றில் வெல்டு சீக்கிரம் ஆறிவிடாதா, அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாமா? போட்டுப் பார்ப்போம். வெல்டுக்குப் பின்னால் 50 மி.மீ. நீளம், 20 மி.மீ. அகலம், 600 டிகிரியில் இருப்பதாகக் கொள்வோம். அசையாத காற்று அதிலிருந்து எடுத்துச் செல்வது சுமார் 6 வாட். பலத்த காற்றில் ஐந்து மடங்கு என்றாலும் 30 வாட்தான். உள்ளே போவதோ 2,400. வெப்பம் பெரும்பாலும் தகட்டுக்குள்ளேயே ஓடுகிறது, வெல்டு அடிக்கும் நேரத்தில் காற்றால் பெரிய மாற்றமில்லை. ஆகவே சிமுலேஷன் "காற்றா, கவலையில்லை" என்று சொல்லும்.

ஆனால் மிக் வெல்டிங் செய்பவரிடம் கேளுங்கள். மணிக்கு 8 கி.மீ. வேகத்தைத் தாண்டினாலே காற்று வாயுக் கவசத்தைக் கலைக்கத் தொடங்கிவிடும், பீடு (வெல்டு போட்ட வரி) முழுக்க ஓட்டை விழும். தார்ப்பாய் கட்டாமல் வேலை ஓடாது. கணினிக்கு வாயுவைப் பற்றி நாம் எதுவும் சொல்லவில்லை, அதனால் அதற்கு ஓட்டையும் தெரியாது. மழைக்காலத்தில் ஈரம் ஏறிய 7018 வகை வெல்டிங் ராடில் வரும் ஹைட்ரஜன் வெடிப்பும் அப்படித்தான். நமது வெப்ப-வளைவுக் கணக்கில் ஹைட்ரஜன் என்ற ஒன்றே கிடையாது.

வாயு, ஆர்க், உருகிய குளத்தின் ஓட்டம் இவற்றையெல்லாம் கணக்கிடும் சிமுலேஷன் தனி வகை. மின்சாரம், காந்தப்புலம், திரவ ஓட்டம் மூன்றையும் சேர்த்துத் தீர்க்க வேண்டும் என்பதால் அது இன்னும் கனமானது, பெரும்பாலும் ஆராய்ச்சிக் கூடங்களில்தான் நடக்கிறது. அதில் ஓர் அழகான விஷயம் மட்டும் சொல்கிறேன். ஒரே கிரேடு ஸ்டெயின்லெஸ், ஒரே ஆம்பியர், ஒரே கை. ஒரு லாட் தகட்டில் டிக் வெல்டு ஆழமாக இறங்கும், வேறு லாட்டில் அகலமாகப் பரந்து மேலோடு நிற்கும். 1980-களின் தொடக்கத்தில் ஹைப்பிள், ரோப்பர் என்ற இருவர் காட்டிய காரணம் கந்தகம். அது மிகமிகக் குறைவாக இருந்தால் குளத்தின் மேற்பரப்பு நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓடும், வெப்பம் அகலமாகப் பரவும். பத்து லட்சத்தில் சில பத்துப் பங்கு கூடினாலே ஓட்டம் தலைகீழாகி, ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்து கீழே இறங்கும், ஆழம் கிடைக்கும். கோல்டாக் முட்டைக்கு ஆழம் எவ்வளவு என்று கணினியே ஏன் சொல்லிவிட முடியாது, ஏன் வெட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது என்பதற்கும் இதில் பாதி விடை இருக்கிறது.

கற்றுப் பார்க்க ஆசைப்படும் டிப்ளமோ, ஐடிஐ மாணவர்களுக்கு: விலை கொடுத்து வாங்கும் மென்பொருளில் தொடங்காதீர்கள். முதலில் ரோசென்தால் சூத்திரத்தை எக்செல்லில் எழுதி, ஆம்பியரையும் வேகத்தையும் மாற்றி 1,500 டிகிரிக் கோடு எப்படி நகர்கிறது என்று பாருங்கள். அடுத்து ஃபைனைட் எலிமென்ட் மென்பொருள்: கால்குலிக்ஸ், எல்மர், கோடு ஆஸ்டர் மூன்றும் இலவசம். கால்குலிக்ஸுக்குப் பிரிபோமேக்ஸ் என்ற முகப்பு கட்டங்கள் பிரிப்பதைச் சுலபமாக்கும். 6 மி.மீ. தகட்டின் நடுவே ஒரே ஒரு பீடு, வெப்பம் மட்டும், வளைவு பிறகு. அதே பீடைப் பட்டறையில் அடிக்கும்போது வெல்டிலிருந்து 10 மி.மீ., 20 மி.மீ. தள்ளி வெப்பம் அளக்கும் கே வகைத் தெர்மோகப்பிள் இரண்டைத் தகட்டில் ஒட்டி வையுங்கள். இரண்டு வரைகோடும் ஏறுவதும் இறங்குவதும் கணினிக் கோட்டோடு ஒத்துவரவில்லை என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது நீங்கள் போட்ட அந்த 80 சதவீதத்தைத்தான்.